அக்காதான் அனுப்பினாள்

டோக்கியோ
ஏப்ரல் 12, 1998

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டித் தீர்ந்துவிட்டது. விடுதி வாசலைப் பெருக்கும் முறை இந்த வாரம் என்னுடையது. அதனால் பூவைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

தொலைபேசியில் பேசேன் என்று எழுதியிருந்தாய். இங்கே இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் படிக்கட்டுக்கு அடியில். யார் பேசினாலும் விடுதியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நமக்குக் கடிதம்தான் சரி.

எங்கள் 'காற்றாடி' குழுவின் புதுப் பாட்டு விற்பனைப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது இடம். அது செய்தி இல்லை, துக்கம். செய்தி என்னவென்றால், அது 'மேகக் கடைத்தெரு' என்ற அனிமே கார்ட்டூன் தொடரின் தொடக்கப் பாட்டு. எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்கு அந்தத் தொடரிலேயே ஒரு சின்ன டப்பிங் வேலையும் உண்டு என்றார்கள். குரல் தேர்வு வைத்தார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது, அக்கா! நரிக்குட்டி வேடம். பேச்சே கிடையாது. முனகும், மோந்து பார்க்கும், அழும். ஆனாலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் வரும்.

முதல் நாளே மானம் போயிற்று. டப்பிங் அறையில் நான்கு மைக், பதினைந்து பேர். நம் முறை வரும்போது எழுந்து போய்ப் பேசிவிட்டு, ஓசைப்படாமல் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். தாள் புரளும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நானோ மேடைக்குக் கிளம்புகிற மாதிரி மொறமொறவென்று ஒரு பாவாடை போட்டுக்கொண்டு போயிருந்தேன். போதாததற்கு, உடை இறுக்கும் என்று காலையில் எதுவும் சாப்பிடவும் இல்லை. ஒரு பெரிய நடிகர், சாகப்போகும் கடைக்காரராக, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி வார்த்தை சொல்கிறார். அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடா என்றது. மைக் விடுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலி இயக்குநர் ஹிராய்வா, "யாரு வயிறு அது? கையத் தூக்குங்க!" என்றார். தூக்கினேன். செத்துக்கொண்டிருந்த நடிகரே எழுந்து வந்து என் கையில் ஒரு சோற்று உருண்டையை வைத்து, "முதல்ல தின்னும்மா. நீ தின்னாத்தான் நான் நிம்மதியா சாக முடியும்" என்றார்.

நேற்று வானொலிக்குப் போனோம். இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று அதே பழைய கேள்வி. நானும் அதே பழைய பதிலைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அக்காதான் விண்ணப்பத்த அனுப்பிட்டா. அப்பா கையெழுத்துக்குப் பதிலா அவர் முத்திரையக்கூட அவளே எடுத்துக் குத்திட்டா!" நான்கு வருஷமாகச் சொல்கிறேன், இன்னும் சிரிக்கிறார்கள். நானே ஆசைப்பட்டு அனுப்பினேன் என்று சொன்னால் இந்தத் துறையில் பேராசைக்காரி என்று பேர் வாங்க வேண்டியதுதான். எங்களில் மூன்று பேருக்கு அக்கா அனுப்பியது, ஒருத்திக்குத் தோழி, ஒருத்திக்கு அத்தை! முத்திரையை எடுத்தது யார் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். உனக்கும் ஊரில் நல்ல பேர்தானே?

அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல். பேருந்தைப் பார்த்து ஓட்டச் சொல்.

உன் தங்கை,
சிஹோ

*

நீகாதா
ஏப்ரல் 27, 1998

அன்புள்ள சிஹோ,

உன் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல காற்று. துவைத்துப் போட்டதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். உன் வயிற்றுச் சத்தத்தை அத்தான் பணிமனையில் எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார். இனி நீ அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஒழுங்காகச் சாப்பிடு. பட்டினி கிடந்தால் நரியும் அழாது, நீயும் பாட மாட்டாய்.

என் வயிற்றுச் செய்தியும் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து, அக்டோபர் கடைசியில் நீ சித்தியாகப் போகிறாய். அத்தான் நேற்றிலிருந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துகிறார். மாமியார் காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம் என்று கீரைச் சாறாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

அப்பா நலமாகத்தான் இருப்பார். குளிர் போய்விட்டதே, முழங்கால் தொல்லை செய்யாது.

தலை வலிக்கிற அளவுக்கு ஒத்திகை பார்க்காதே.

அன்புடன்,
இகுமி

*

டோக்கியோ
மே 6, 1998

என் செல்ல அக்கா,

சித்தி! நான் சித்தி! கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்திய கத்தலில் குழுவின் மற்ற நால்வரும் ஓடி வந்துவிட்டார்கள். மேனேஜர் நுமதா சார்கூட யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பயந்துபோய் ஓடி வந்தார்.

உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? எப்போது வீட்டுக்குப் போகிறாய்? முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தானே. அம்மா இல்லாவிட்டால் என்ன, அப்பா இருக்கிறார், கடல் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது. சறுக்குக் கதவில் காகிதமெல்லாம் கிழிந்து தொங்குமே, இப்போதே மாற்றச் சொல். அப்பாவை உனக்குத் தெரியாதா? நகர அலுவலகத்தில் முத்திரைப் பதிவு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டு வேலைக்குக்கூட மனு கொடுத்தால்தான் அசைவார்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். ஹிராய்வா என்னை அழ வைக்கிறார், அழுகை வரமாட்டேன் என்கிறது. "நீ சிரிச்சுக்கிட்டே அழற. வாய் சிரிச்சா குரலும் சிரிக்கும், மைக்குக்குத் தெரிஞ்சிடும்" என்கிறார். எங்களுக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: என்ன ஆனாலும் பல் தெரிய வேண்டும். ரசிகர்களோடு கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவர் என் விரலை நசுக்கியபோதும் சிரித்தேன். இப்போது வாயை மூடு என்றால் எப்படி மூடுவது?

எந்தத் தேதியில் வீட்டுக்குப் போகிறாய் என்று எழுது. ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் அங்கேயே வந்துவிடுகிறேன்.

உன் சிஹோ

*

நீகாதா
ஜூன் 10, 1998

அன்புள்ள சிஹோ,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அரிசிப் பானையில்கூடப் பூஞ்சை வாசம். உனக்கு இருமல் இல்லையே? மழையில் நனைந்தால் தொண்டையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்.

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. வாந்தி நின்றுவிட்டது. நாய் மாதிரிச் சுலபமாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று ஐந்தாம் மாத நாய் நாளில் வயிற்றுப் பட்டை கட்டியாயிற்று. மாமியாரே கோயிலுக்குப் போய் வாங்கிவந்து கட்டிவிட்டார். "இறுக்குதா? இறுக்குனா சொல்லு, வெக்கப்படாத" என்று பத்துத் தரம் கேட்டார். நல்ல மனுஷி.

பிரசவத்துக்கு இங்கேயே ஒரு நல்ல மருத்துவமனை இருக்கிறது, நடந்து போகிற தூரம். டாக்டரும் பெண். அத்தானுக்கும் பணிமனை பக்கம். யோசித்துப் பார்த்தால் எல்லாம் இங்கேதான் வசதி.

அழுகை வராவிட்டால் அழாதே. வருகிறபோது அது தானாக வரும்.

இகுமி

*

டோக்கியோ
ஜூன் 24, 1998

அக்கா,

சுகமா என்று கேட்டுவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன்.

வயிற்றுப் பட்டை பிறந்த வீட்டிலிருந்துதானே வர வேண்டும்? மாமியார் ஏன் வாங்கினார்? அப்பா ஏன் அனுப்பவில்லை? எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டால் மருத்துவமனை பக்கம் என்கிறாய். நான் கேட்டதற்கு அது பதிலா? போன வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தேனே, அக்கா வரவில்லையா என்று கேட்டதற்கு அப்பா, "அவளுக்கு வேலை இருக்கும்" என்றார். அதற்கு முந்தின வருஷமும் அதே பதில்தான். எனக்குக் கிடைக்கிற ஒரு நாளில் காலை அப்பா வீடு, மாலை உன் வீடு என்று ஓடியே பொழுது போய்விடுகிறது. உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் உன் கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது.

பொறுக்க முடியாமல் அப்பாவுக்கே எழுதிக் கேட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: "மழை அதிகம். நான் நலம். இகுமியைப் பற்றிக் கேட்டிருந்தாய், அவள் விஷயம் எனக்குத் தெரியாது."

மகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், அது தெரியாதா?

நரிக்குட்டியைக் குளிர்காலம் வரை வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகள் கடிதம் போடுகிறார்களாம். சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தி, இப்படி ஓரத்தில் எழுதும்படி செய்துவிட்டாய்.

உடனே பதில் போடு.

சிஹோ

*

(கோடை வாழ்த்து அட்டை)
நீகாதா, ஜூலை 20

வெயில் தாங்காமல் பூனையே வாசல் கல்லில் கவிழ்ந்து படுத்திருக்கிறது. நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். நரிக்குட்டி தொடர்வதில் எனக்குப் பெருமை. அப்பாவுக்கு எழுதித் தொந்தரவு செய்யாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை.
இகுமி

*

நீகாதா
ஆகஸ்ட் 3, 1998

அன்புத் தங்கை சிஹோவுக்கு,

நீ நலமா? நான், உன் அத்தான், உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள். இகுமிக்குத் தெரியாமல் பணிமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா நான்கு வருஷமாக இகுமியோடு பேசுவதில்லை. வீட்டுக்குள் விடுவதும் இல்லை. நீ முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்தாயே, தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில், அன்று மாமா அலுவலக ஆட்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தார். நீ அந்த முத்திரை வேடிக்கையைச் சொன்னாய். விண்ணப்பத்தில் தன் முத்திரை விழுந்திருப்பது மாமாவுக்கு அன்றுதான் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் ஒவ்வொருவர் முத்திரையையும் சரிபார்த்துக் கொடுக்கிறவர் வீட்டிலேயே முத்திரை திருட்டு! மறுநாளிலிருந்து மேசைக்கு வருகிறவரெல்லாம், "சார், உங்க முத்திரை பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை நீட்டினார்களாம். மாமா மேலதிகாரியிடம் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு அனுப்பினார். மாமாவால் சிரிக்க முடியவில்லை.

இகுமியைக் கூப்பிட்டு, "நீயா அனுப்பினே?" என்று கேட்டார். இவள், "ஆமா" என்றாள். அவ்வளவுதான். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றுவிட்டார்.

முத்திரையை எடுத்தது இவள் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருக்கிறாள். உனக்கு அப்போது பதினாறு வயது. உண்மை தெரிந்தால் மாமா அன்றே ரயிலேறி வந்து உன்னைக் கூட்டிப் போயிருப்பார் என்பது இவள் கணக்கு.

நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளரி நறுக்கிக்கொண்டே, "இந்த மாசத்துல அந்த ரூம்ல கடல் சத்தம் நல்லா கேக்கும்" என்றாள். அவளுக்கு அங்கே போய்ப் பெற்றுக்கொள்ளத்தான் ஆசை. என் அம்மா எவ்வளவு தாங்கினாலும் அது வேறு, இது வேறு.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தத்சுரோ

*

டோக்கியோ
ஆகஸ்ட் 8, 1998

அக்கா,

அத்தானைத் திட்டாதே. திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

கடிதம் டப்பிங்குக்குக் கிளம்பும்போது வந்தது. வண்டியிலேயே படித்தேன். அன்று நரிக்குட்டி தாயைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற காட்சி. மைக் முன்னால் நின்றேன், வாய் தானாக மூடிக்கொண்டது, அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்றே தெரியாது. ஹிராய்வா, "போதும், ஒரே தடவை போதும்" என்றார். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் நான்கு வருஷத்தை எடுத்துக்கொண்டு போய் நான் அங்கே நல்ல பேர் வாங்கினேன்.

ஏன் அக்கா சொல்லவில்லை? ஒவ்வொரு வானொலியிலும் ஒவ்வொரு மேடையிலும் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே, ஒரு தடவையாவது வாயை மூடுடி என்று எழுதியிருக்கலாமே! இந்த ஏப்ரலில்கூட, ஊரில் உனக்கு நல்ல பேர்தானே என்று எழுதினேன். நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன். வானொலியிலும் சொல்லிவிடப் போகிறேன். நீ வீட்டுக்குப் போய்த்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

சிஹோ

*

நீகாதா
ஆகஸ்ட் 13, 1998. விரைவு அஞ்சல்

சிஹோ,

நலம் விசாரிக்க நேரமில்லை, நலம் என்றே வைத்துக்கொள். பைத்தியம் மாதிரி எதுவும் செய்யாதே.

அக்கா அனுப்பினாள் என்று உங்கள் நிறுவனம் அச்சடித்தே கொடுத்திருக்கிறது. நான்கு வருஷம் பொய் சொன்னாள் என்று தெரிந்தால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? உன்னால் மற்ற நால்வருக்கும் கெட்ட பேர். இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்று நீதானே போன வருஷம் எழுதியிருந்தாய்? நரிக்குட்டி வேறு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால் என்ன செய்வாய்?

அப்பா கோபத்தை நான் பழகிவிட்டேன். உனக்குப் பழக்கமில்லை. பிள்ளை எங்கே பிறந்தால் என்ன? பிறந்தால் சரி.

உனக்கு எழுதிய குற்றத்துக்கு அத்தானுக்கு மூன்று நாள் வெறும் கஞ்சிதான். ஆனாலும் சிரித்துக்கொண்டே குடிக்கிறார், வெட்கங்கெட்ட மனுஷன்.

சொன்னதைக் கேள்.

அக்கா

*

டோக்கியோ
ஆகஸ்ட் 30, 1998

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

தொண்ணூற்று மூன்று அக்டோபரில் உங்கள் மேசை இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தது நான். விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் குத்தியதும் நான். அக்கா அன்று மீன் வாங்கப் போயிருந்தாள். நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள். பாடப் போக வேண்டும் என்கிற ஆசை அவ்வளவு இருந்தது. பிறகு தொலைக்காட்சியில் கேட்டபோது, நானே ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு அக்கா தலையில் போட்டேன். எல்லோரும் சிரித்ததும் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கவே இல்லை.

நேற்று நேரடி ஒலிபரப்பில் அதே கேள்வி வந்தது. உங்கள் ஊருக்கு அந்த நிலையம் எட்டாது, அதனால் நானே எழுதுகிறேன். "அக்கா அனுப்பல. நான்தான் அனுப்பினேன். அப்பா முத்திரையத் திருடினதும் நான்தான். எனக்குப் பாட அவ்வளவு ஆசை" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் நுமதா சார் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த பாட்டில் என்னை நடுவிலிருந்து எடுத்துக் கடைசி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. ஹிராய்வா மட்டும், "யாரு அனுப்புனா எனக்கென்ன, செவ்வாக்கிழமை நேரத்துக்கு வா" என்றார்.

எனக்கு இருபது வயதாகிவிட்டது. இனி என் முத்திரையை நானே குத்தலாம். என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவை உள்ளே விடுங்கள், அப்பா. அவளுக்கு அக்டோபரில் பிரசவம்.

உங்கள் மகள்,
சிஹோ

*

செப்டம்பர் 19, 1998

சிஹோவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதத் தெரியவில்லை. காற்று குளிர்ந்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை.

நீ செய்தது தவறு. அதை நேரில் பேசுவோம்.

இருபத்தெட்டு வருஷம் அந்த மேசையில் இருந்திருக்கிறேன். ஒரு தாளையும் படித்துப் பார்க்காமல் திருப்பி அனுப்பியதில்லை. முத்திரை மங்கியிருந்தால் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, விவரம் கேட்டிருக்கிறேன். என் மகளை ஒரு கேள்வி கேட்டேன், அவள் ஒரு சொல் சொன்னாள், திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஊர் சிரித்தது என்கிற எரிச்சலில் பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டேன்.

சறுக்குக் கதவுக்குப் புதுக் காகிதம் ஒட்டியாயிற்று. இரண்டு இடத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி விடுமுறை. நீகாதாவுக்குப் போகிறேன்.

நரிக்குட்டி இங்கே ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறது. ஏப்ரலிலிருந்து பார்க்கிறேன். தாயைத் தேடுகிற அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன், கேட்க முடியவில்லை.

அப்பா

*

அப்பா வீடு
நவம்பர் 5, 1998

என் அன்பு சிஹோ,

நானும் நலம், உன்னைச் சித்தியாக்கிய நகிசாவும் நலம். பிறந்து பன்னிரண்டு நாளாகிறது. குரல் உன்னுடையது. பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது. உனக்கு ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க ஆடினேன். ஓரத்தில் நின்றால் என்ன, ஓரத்திலிருந்து பாடினாலும் காது கேட்கும்.

அப்பா வந்ததை விவரமாக எழுது என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். சொல்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி காலையிலேயே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கதவைத் திறந்தது மாமியார். அப்பா இடுப்பு வரை குனிந்து, "என் பொண்ண பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிப் போக வந்திருக்கேன்" என்றார். நான் பின்னால் நின்றேன். என்னைப் பார்க்காமலே ஒரு பொட்டலத்தை நீட்டினார். வயிற்றுப் பட்டை! ஒன்பதாம் மாதத்தில்! மாமியார் வாங்கி விரித்துப் பார்த்து, "இப்ப கட்டினா பாதி வயித்துக்குத்தான் வரும், சம்பந்தி" என்றார். அப்பா காது சிவந்துவிட்டது. அத்தான் சிரிப்பை அடக்க மாட்டாமல் கொல்லைப்புறம் ஓடிவிட்டார். அதற்குப் பிறகுதான் அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருஷ அழுகை, சிஹோ. அவர் முன்னாலேயே அழுது தீர்த்தேன்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. நீ நேரடி ஒலிபரப்பில் சொன்னாயே, அக்கா அனுப்பவில்லை என்று, அது பொய்.

நீ போட்ட உறை டோக்கியோவுக்குப் போகவே இல்லை. உள்ளே உன் படங்களைத் திணித்துக் கனமாக்கிவிட்டு, சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டுகிற தபால்தலையை ஒட்டியிருந்தாய். தபால்தலை போதாது என்று சீட்டு ஒட்டி மூன்றாம் நாள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பெட்டியிலிருந்து எடுத்தது நான். ஓரம் பிரிந்திருந்தது. படித்தேன். அப்பா பெயரும் முத்திரையும் பார்த்ததும் பகீர் என்றது. கிழித்து அடுப்பில் போட்டிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில், "பாடாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு எப்படிக் கிழிப்பது? புது உறையில் போட்டு, சரியான தபால்தலை ஒட்டி, தபால் நிலையத்துக்கு நடந்துபோய் நானே சேர்த்தேன். அதனால் அப்பா, "நீயா அனுப்பினே?" என்று கேட்டபோது ஆமா என்றேன். அனுப்பினது நான்தானே!

முந்தாநாள் சாப்பாட்டின்போது அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"முத்திரையப் பாத்துட்டுத்தான் அனுப்புனியா?"

"பாத்துட்டுத்தான்ப்பா."

"சாஞ்சிருந்துச்சா?"

"கொஞ்சம் சாஞ்சுதான் இருந்துச்சு."

"அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தா அன்னிக்கே திருப்பியிருப்பேன்."

"அதனாலதான் உங்க மேசைப் பக்கம் வர விடல."

அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது பார், அம்மா போன பிறகு நான் கேட்காத சிரிப்பு. பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. "ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! நடுவுல நான் ஒரு முட்டாள்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது, முதுகைத் திருப்பிக்கொண்டே, "ஒரு மாசத்துல கிளம்பிடுவியா?" என்று கேட்டார். அதுதானே வழக்கம் என்றேன். "பிள்ளைக்கு நூறாம் நாள் முதல் சோறு ஊட்டிட்டுப் போயேன்" என்றார். சரி என்றேன்.

நேற்று மாலை கடையிலிருந்து ஆள் வந்து மூன்று மெத்தை இறக்கிவிட்டுப் போனான். ஒன்று எனக்கு, ஒன்று அத்தான் வந்தால் படுக்க. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். அப்பா அதை வெயில் படுகிற பக்கமாக விரித்துக்கொண்டே, "ஏன், அந்த நரிக்குட்டிக்கு லீவே குடுக்க மாட்டாங்களா?" என்றார்.

வா, சிஹோ.

உன் அக்கா